மளிகைக் கடைக் காசில் பத்து ஏக்கர்: தேக்கம்பட்டி பாப்பம்மாள்



மலருக்குக் கட்டுரை கேட்டு நம் கூட்டமைப்புத் தலைவி அக்கா போன் பண்ணினபோது நான் கடையில் பருப்பு எடை போட்டுக்கொண்டிருந்தேன். "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு வேணும் அம்மிணி, நம்மள்ல படிக்கிற ஆளு நீதான்" என்றார். போன மலரில் வேலு நாச்சியார் வந்துவிட்டார். அதற்கு முந்தின மலரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இந்தத் தடவை ராணியும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம், நம்மைப் போல எடைக்கல் பிடித்த கை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். யாரு என்று கேட்டார். தேக்கம்பட்டி பாப்பம்மாள் என்றேன். "அந்த நூறு வயசு ஆத்தாவா, சரி எழுது" என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் ஊருக்கும் தேக்கம்பட்டிக்கும் ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் அவரிடம் நான் பேசியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் வந்ததையும், ஊரறிந்ததையும், எனக்குத் தெரிந்த கடை, காடு, பட்டா விவகாரத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

2021 ஜனவரி 25-ஆம் தேதி ராத்திரி பத்ம விருதுப் பட்டியல் வந்தது. அதில் விவசாயத்துக்காக பத்மஸ்ரீ என்று ஒரு பெயர், கோயம்புத்தூர் மாவட்டம் பாப்பம்மாள். சொந்தப் பெயர் ரங்கம்மாள். காரமடை ரங்கநாதர் இருக்கிற பக்கத்தில் ரங்கம்மா, ரங்கசாமி என்று பெயர் இல்லாத வீடு ஏது? ஆனால் ஊர் கூப்பிட்டது பாப்பம்மாள் என்றுதான், விருதிலும் அதுவே நின்றுவிட்டது. வயது 105 என்று எழுதினார்கள். பிறந்த வருசம் 1914 என்றும் எழுதினார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி அவர் இறந்தபோதும் ஒரு பேப்பரில் 108, இன்னொன்றில் 109. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு ஜாதகமும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. எங்க அம்மாவின் ஆதார் கார்டில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறது. உங்க வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

பிறந்தது தேவலாபுரம் என்ற ஊர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவரும் கூடப்பிறந்த இரண்டு பெண்களும் ஆதரவில்லாமல் நின்றபோது, அப்பாவைப் பெற்ற பாட்டி தேக்கம்பட்டிக்குக் கூட்டி வந்து வளர்த்தார். அது இந்தியாவே சாவைப் பார்த்துப் பழகின காலம். கோவைப் பக்கம் பிளேக் வந்து வந்து போனது. பிளேக் மாரியம்மன் என்று இன்றைக்கும் அங்கே கோயில் இருக்கிறது. 1918-ல் விசக் காய்ச்சல் நாடு முழுக்க அடித்தது. அந்த மாதிரி வருசங்களில் மூன்று பெண்பிள்ளைகளை ஒரு வயசான பொம்பளை தனியாகக் கரையேற்றினார் என்றால், கதையின் முதல் ஆள் அந்தப் பாட்டிதான் என்று நான் நினைக்கிறேன். பேப்பர்காரர்கள் அவரை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

பாட்டி ஊரில் ஒரு மளிகைக் கடை நடத்தினார். பாட்டிக்குப் பிறகு கடை பாப்பம்மாளிடம் வந்தது. கூடவே சின்னதாகச் சாப்பாட்டுக் கடையும் போட்டார். முறையாகப் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. பல்லாங்குழி ஆடித்தான் கணக்குப் படித்தார் என்று ஒரு செய்தியில் பார்த்தேன். படித்தவுடன் சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தேன். பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் பதினாலு. எந்தக் குழியில் எத்தனை புளியங்கொட்டை கிடக்கிறது, எங்கிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எண்ணாமலே கண்ணில் கணக்குப் போடணும். எதிராளி குழியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளணும். கடைக்காரிக்கு வேண்டியதும் இதே கணக்குத்தான்.

நான் கடை வைத்துப் பதினாறு வருசம் ஆகிறது. 2009-ல் குழுக் கடன் பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்தது. அதனால் ஒன்று தைரியமாகச் சொல்வேன். கிராமத்துக் கடைக்காரிக்கு ஊர் நிலவரம் தலையாரியை விட நன்றாகத் தெரியும். யார் வீட்டில் எண்ணெய் குறைந்துவிட்டது, யார் கடன் சொல்லி அரிசி வாங்குகிறார்கள், யாருக்கு அறுவடை பொய்த்தது, யார் காட்டை விற்கப் போகிறார்கள் என்பதெல்லாம் கடன் நோட்டிலேயே தெரிந்துவிடும். கடை என்றால் சும்மா உட்கார்ந்து சாமான் நிறுத்துவது என்று வீட்டு ஆம்பளைகள் நினைக்கிறார்கள். ஐந்து ரூபாய் பத்து ரூபாயாக வருகிற லாபம் வீட்டுச் செலவிலேயே கரையாமல் காப்பாற்றுவது இருக்கிறதே, அது தனி வித்தை. அந்த வித்தை பாப்பம்மாளுக்குக் கைவந்திருக்கிறது. கடை லாபத்தைச் சேர்த்துச் சேர்த்து அதே ஊரில் பத்து ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கினார்.

பத்து ஏக்கர்! இதை எங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்தபோது ஒரு நிமிசம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா கேட்டார், "ஏனுங்க, புருசன் வீட்டுச் சொத்து இல்லையாமா? அப்பன் வீட்டுதும் இல்லையாமா?" இல்லை, கடைக் காசு என்றேன். "அப்ப சுயார்ஜிதம்" என்றார். ஐந்தாவதோடு நின்றவர் அந்த அக்கா. ஆனால் மாமனார் சொத்து வழக்குக்குக் கோர்ட் வாசலில் எட்டு வருசம் நின்றவர், அதனால் இந்த வார்த்தை எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சுயார்ஜிதம் என்றால் தானே சம்பாதித்தது. யாரிடமும் பங்கு கேட்க வேண்டாம். இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க அப்பாவுக்கு அவங்க அப்பா வழியில் வந்த காடு இரண்டேகால் ஏக்கர். மானாவாரி. சோளம், கொள்ளு, தட்டைப் பயறு போடுவோம். அம்மா கல்யாணமாகி வந்தபோது அது வெறும் கல்லுக்காடு. முப்பது வருசம் அம்மா அதில் கல் பொறுக்கினார். உழவு ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கல் மேலே வரும். அம்மா கூடையில் பொறுக்கிக் கொண்டுபோய் வேலி ஓரமாக அடுக்குவார். எங்கள் காட்டைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்கு எழும்பின கல்கட்டு முழுக்க அம்மா கைப்பட அடுக்கியது. 2003-ல் அப்பா தவறினார். காரியம் முடிந்த மாதத்திலேயே என்னையும் அம்மாவையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன். அம்மா கைநாட்டு வைத்தார். அது விடுதலைப் பத்திரம். எனக்கு ஒரு பட்டுச் சேலையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அதுவும் இல்லை. பெற்ற பிள்ளைகளுக்குத்தானே எழுதிக் கொடுக்கிறோம் என்று இருந்துவிட்டோம். 2011-ல் காட்டைச் சைட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். அம்மா அடுக்கின கல்லையெல்லாம் டிராக்டரில் அள்ளி ரோட்டுக்கு அடியில் கொட்டினார்கள். அந்த வருசம்தான் அம்மா என் வீட்டுக்கு வந்தார்.

பிறகு ஒரு சட்ட உதவி முகாமில் வக்கீல் அம்மா ஒருவர் விளக்கமாகச் சொன்னபோதுதான் நான் எதை விட்டேன் என்று எனக்கே புரிந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன், நம் பெண்களுக்கு உபயோகப்படும்.

பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்து வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தலைமுறைக்காரர்கள் தீர்மானம் போட்டார்கள். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண் பெயரில் இருக்கிற சொத்து முழுசாக அவளுக்கே என்றது, ஆனால் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே இருந்த பங்கு மகளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அந்தப் பங்கை மகளுக்கும் கொடுத்தது. அதற்கு முன்னாடியே கல்யாணம் ஆன பெண்களுக்கு மட்டும் கிடையாது. 2005-ல் நாடு முழுக்க அதே மாதிரி மாறியது, கல்யாணம் ஆனவர்களும் உள்ளே வந்தார்கள். 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனக்குக் கல்யாணம் 2001-ல். அப்படியானால் 2003-ல் அந்தக் காட்டில் எனக்குப் பங்கு இருந்திருக்கிறது. அப்பா பங்கில் அம்மாவுக்கும் இருந்திருக்கிறது. தெரியாமல் கையெழுத்துப் போட்டதுதான் வினை. 2004 டிசம்பர் 20-க்கு முந்தி எழுதிக் கொடுத்ததைப் புதுச் சட்டத்தைக் காட்டிக் கலைக்க முடியாதாம். வக்கீல் அம்மா அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது பாப்பம்மாளுக்கு வருகிறேன். பெண்ணுக்கு அப்பன் சொத்தில் பங்கே இல்லாத காலத்தில் பிறந்தவர். பெற்றோர் இல்லாதவர். அவரிடம் இருந்தது தராசும் அடுப்பும். அதை வைத்து நிலத்துக்குச் சொந்தக்காரி ஆனார். பத்மஸ்ரீ வாங்கினது பெரிய விசயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்கும் காட்டுக்கும் நடுவில் அவர் தாண்டின அந்தத் தூரம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

தேக்கம்பட்டியைத் தெரியாதவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து பக்கம், பவானி ஆற்றங்கரை, எதிரே நீலகிரி மலை. வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கு நாம் கிடாய் வெட்டிப் பொங்கல் வைக்கப் போகிறோமே, அந்தப் பக்கம். கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடத்தின ஊர் என்றால் டிவி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆத்துப் பாசனத்தில் வாழையும் பாக்கும் செழிக்கும், காரமடை சுற்றிலும் கறிவேப்பிலை. மலை ஓரமாகப் போகப் போக காட்டுப்பன்னித் தொல்லை, யானைத் தொல்லை. ஒரே ராத்திரியில் வாழைத் தோட்டம் தரைமட்டமாகும். அங்கே விவசாயம் என்பது மண்ணோடு மட்டும் மல்லுக்கட்டுவது இல்லை.

அந்த நிலத்தில் அவர் சிறுதானியமும் பயறு வகையும் காய்கறியும் வாழையும் போட்டார். ஒரே பயிரை நம்பாமல் நாலும் கலந்து போடுகிற பழைய வழி. பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு ஏற்பட்டது. 1906-லிருந்து கோவையில் வேளாண் கல்லூரியாக இருந்தது, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே உழவர் விவாதக் குழுவில் அவர் முன்னணி ஆள். பயிற்சிக்குப் போவார், மற்ற விவசாயிகளோடு உட்கார்ந்து பேசுவார், கற்றதைத் தோட்டத்தில் செய்து பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகாத ஒரு பெண் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அதுவும் தன் நிலத்தை வைத்துப் பேசுகிற ஆளாக. ரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் விளைவிக்கிறவர் என்ற பெயர் கடைசி வரைக்கும் அவருக்கு நின்றது. விருதும் அதற்காகத்தான் வந்தது.

1960-களுக்குப் பிறகு யூரியா வந்த கதை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. எங்க அப்பா முதல் மூட்டை வாங்கி வந்த வருசம் சோளக் கதிர் யானைத் தும்பிக்கை மாதிரி இருந்தது என்று அம்மா சொல்வார். நாலைந்து வருசத்தில் ஒரு மூட்டை இரண்டு மூட்டை ஆனது, மண்புழுவைக் காணோம். அந்த வேகத்தில் போகாமல் நின்றவர்கள் அன்றைக்குப் பிழைக்கத் தெரியாதவர்கள். இப்போது அவர்களைத் தேடிப் போய்ப் படிக்கிறோம். நம் கூட்டமைப்பிலேயே இரண்டு குழுக்கள் பஞ்சகவ்யா போடுகிறார்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பின முறை. சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லம், இளநீர், வாழைப்பழம் சேர்த்துக் கலக்கி வைத்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கணக்கில் தெளிப்பது. அவர்கள் சரக்கு நல்ல சரக்கு, விளம்பரம் என்று நினைக்காமல் வாங்குங்கள்.

ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. 1959-லேயே பாப்பம்மாள் தேக்கம்பட்டி பஞ்சாயத்தில் உறுப்பினராக இருந்தார். காரமடை ஊராட்சி ஒன்றியத்துக்கும் கவுன்சிலராகத் தேர்வானார். நமக்கு உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு வந்தது 1994 சட்டத்தில். சரிபாதி வந்தது 2016-ல். அவர் நின்ற காலத்தில் மகளிர் வார்டு என்று ஒதுக்கினதில் நின்று ஜெயிக்கும் வழி இல்லை. ஊர்க் கடைக்காரி, நிலக்காரி, பஞ்சாயத்துக்காரி, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். கடன் கொடுத்த கடைக்காரியின் பேச்சை ஊர் தட்டாது பாருங்கள்.

நம் மலரில் கட்சி பேசக் கூடாது என்பது விதி. ஆனால் அவர் வாழ்க்கையை எழுதும்போது மறைக்கவும் முடியாது. அவர் ஆரம்ப காலத்திலிருந்து தி.மு.க.காரர். கருப்பு சிவப்புக் கரை போட்ட சேலையில் போட்டோக்கள் இருக்கின்றன. 2024-ல் அந்தக் கட்சியின் முப்பெரும் விழாவுக்குப் பெரியார் விருதும் அவருக்கு அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் கோவைக்கு வந்த பிரதமர் மோடி அவரைச் சந்தித்துக் கும்பிட்டதும் எல்லாப் பேப்பரிலும் வந்தது. இரண்டு பக்கமும் மரியாதை செய்தது அவர் வயதுக்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குடும்பம் என்று பார்த்தால் அவருக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. உடன்பிறந்தவரின் பிள்ளைகளை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். பாட்டி தனக்குச் செய்ததை அவர் அடுத்த தலைமுறைக்குச் செய்தார். நம் ஊரில் பிள்ளை இல்லாத பொம்பளையை விசேசத்தில் ஓரமாக நிறுத்துவது இன்றைக்கும் நடக்கிறது. எங்கள் குழுவிலேயே அப்படி ஒரு தங்கை உண்டு, வளைகாப்பு வீடு என்றால் வரமாட்டாள். பாப்பம்மாளை யாரும் ஓரத்தில் நிறுத்தவில்லை. பத்து ஏக்கர்க்காரியை எப்படி நிறுத்துவது? இந்த வரியைக் கூட்டத்தில் படித்தபோது அந்தத் தங்கை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

வயது ஏற ஏற நிலத்தைக் குறைத்துக்கொண்டார். விருது வந்த காலத்தில் இரண்டரை ஏக்கர்தான் கையில். அதிலும் அதிகாலையில் போய் மண்ணில் இறங்கி வேலை பார்த்தார் என்பதுதான் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. டிவிக்காரர்கள், யூடியூப்காரர்கள் வரிசையாகப் போனார்கள். போன எல்லோரும் ஒரே கேள்வி, என்ன சாப்பிடுகிறீர்கள் பாட்டி? களியா, கம்பா, வேப்பங்குச்சியா, சுடுதண்ணியா. ஆட்டுக்கறி பிடிக்கும் என்று தெரிந்ததும் சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நூறு வருசம் வாழ்ந்ததன் ரகசியத்தை அவர் தட்டில் தேடினார்கள். நிலம் எப்படி வாங்கினீர்கள், எத்தனை வருசம் காசு சேர்த்தீர்கள், முதல் ஏக்கருக்கு யார் எதிர்த்தார்கள் என்று நெடுக உட்கார்ந்து கேட்ட பேட்டி என் கண்ணில் படவில்லை. எனக்கு அந்த ஆதங்கம் இருக்கிறது. போய் நாமே கேட்டிருக்கலாம், ஒரு பஸ் தூரம்தானே. அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டோம். வேன் வாடகை பேசினதுகூட தீர்மான நோட்டில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கதையை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் நாட்டில் 100 பண்ணைக்கு 14 தான் பெண் பொறுப்பில் இருந்தது. காட்டில் குனிகிறவர்களை எண்ணினால் இந்தக் கணக்கு வருமா? எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் காட்டு வேலை செய்கிறவர்கள். பயிர்க்கடனுக்கு, பி.எம். கிசான் ஆறாயிரத்துக்கு, மழையில் பயிர் போனால் நிவாரணத்துக்கு, எல்லாவற்றுக்கும் சிட்டா அடங்கலைக் கொண்டுவா என்கிறார்கள். 2021-ல் எண்ணிப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி பெயரில்கூட நிலம் இல்லை. நாங்கள் எல்லாம் விவசாயி பொண்டாட்டி அல்லது கூலி.

அன்றைக்குக் கூட்டத்தில் போட்ட தீர்மானம் ஒரே வரி: அவரவர் வீட்டில் பேசிப் பார்ப்பது. சொல்வதற்கு லேசு. ஒரு வீட்டில் சோற்றுத் தட்டு பறந்தது. ஒரு வீட்டில், நான் செத்தா எல்லாம் உனக்குத்தானே என்றார்களாம். அந்த அக்கா, "செத்தா வர்றது எனக்கு இல்லைங்க, பசங்களுக்கு" என்று பதில் சொன்னாராம். ஆதிதிராவிடர் குடும்பத்து அக்கா ஒருவர் தாட்கோவின் நன்னிலம் திட்டத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். நிலமில்லாத பெண் விவசாயக் கூலிகள் நிலம் வாங்க பாதி மானியம், அதிகபட்சம் ஐந்து லட்சம். விற்கிற ஆளும் நிலமும் சரியாக அமைய வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறார். 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இதை வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். சமத்துவம் என்றால் கேட்காத காது, மிச்சம் என்றால் கேட்கிறது.

என் வீட்டுக்காரர் மூன்று வருசம் யோசித்தார். கோபக்காரர் இல்லை, ஆனால் அவங்க அண்ணன் என்ன சொல்வாரோ என்ற பயம். கடைசியில் 2024-ல் அவர் பங்கில் நாற்பது சென்ட் காட்டை என் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதினார். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணம் மதிப்பில் ஒரு சதவீதம், அது நாற்பதாயிரத்தைத் தாண்டாது. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், பத்தாயிரத்தைத் தாண்டாது. கட்டின பணம் கடைக் காசு. உட்பிரிவுக்கு மனுக் கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து, பட்டா கைக்கு வர ஏழு மாதம் ஆனது. பாப்பம்மாள் வாங்கினது பத்து ஏக்கர், எனக்கு வந்தது நாற்பது சென்ட். அதுவும் கொடுத்து வந்தது, வாங்கி வந்தது இல்லை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. வாங்குகிற நிலத்துக்கு இந்த ஜனவரியிலிருந்து தனியாக ஒரு உண்டியல் போட்டிருக்கிறேன்.

பட்டாவை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உன் பேரு எது என்றார், விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார், "அந்தக் காட்டுல கல்லு கிடக்குதா?"

நிறையக் கிடக்குதும்மா என்றேன். மறுநாள் விடிகாலையில் கதவைத் தட்டுகிற சத்தம். எழுந்து பார்த்தால் அம்மா வாசலில் நிற்கிறார், கையில் கூடையோடு.